சீனக்குடா வளைவில் விழுந்த பந்துகள்

மகன்,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்பது தெரியும், ஆகையால் நலம் விசாரித்து உன்னைக் கிண்டல் பண்ண மாட்டேன். இந்தக் கடிதத்துக்கு முத்திரையும் தேவையில்லை. நான் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன், நீ சுவருக்கு அந்தப் பக்கம் கட்டிலில் கிடக்கிறாய். நடுவில் ஒரு கதவு. தட்டினால், "பிறகு கதைப்பம் அப்பா" என்கிறாய். அந்தப் பிறகு வந்தபாடில்லை. லிங்கநகரில் ஒரே வீட்டுக்குள் கடிதம் போடுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். கொஞ்சம் முந்தி அம்மா எட்டிப் பார்த்து, "என்ன, பென்சன் காரியமோ?" என்று கேட்டாள். "ஓம், பென்சன் காரியந்தான்" என்று சொல்லிவிட்டுக் கையால் தாளை மறைத்துக்கொண்டேன். நேரே உன் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நான் அழுதுவிடுவேன், பிறகு உன்னைத் தேற்றுகிறதா என்னைத் தேற்றுகிறதா என்று அவளுக்குத் தெரியாமல் போய்விடும். அதற்காகத்தான் இந்த எழுத்து வேலை.

நடந்ததை நீ ஒரேயொரு தடவை சொன்னாய், அதுவும் அம்மாவிடம், அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு. கந்தளாய் தாண்டிய காட்டுக்குள், பொழுது படுகிற நேரம், கோதுமை மா ஏற்றிய சாமான் ரயிலை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாய். வளைவு திரும்பியதும் லைனில் ஒரு யானையும் குட்டியும். ஹோன் அடித்தாய். பிரேக் பிடித்தாய். ஹோன் சத்தத்துக்குக் குட்டி இறங்கிக் காட்டுக்குள் ஓடிவிட்டது. தாயும் இறங்கியிருக்கும், ஆனால் குட்டி எங்கே என்று பார்க்க அது திரும்பி நின்றது. விசாரணை செய்தவர்கள் உன்னில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். உனக்கு அது போதவில்லை. திங்கட்கிழமை லீவு முடிகிறது, இனி இஞ்சினில் ஏறமாட்டேன் என்கிறாய். இஞ்சினை விடுவது ஒரு பக்கம் இருக்கட்டும், சோற்றையும் அல்லவா விட்டுவிட்டாய். அம்மா சாப்பாட்டுக் கோப்பையை உன் அறைக்குள் வைப்பதும், அப்படியே திருப்பி எடுப்பதும், எடுத்துக்கொண்டு குசினிக்குள் வந்து என்னை ஏசுவதுமாக இருக்கிறாள். ஏதோ யானையை நான்தான் லைனில் கொண்டுபோய் விட்டமாதிரி.

ஆறுதல் சொல்ல வந்தவர்களைப் பார்த்தாயா? பார்த்திருக்க மாட்டாய், நீதான் கதவைத் திறக்கவில்லையே. ஒருவர் வந்து, "மனிசன் எண்டாலும் பரவாயில்ல, யானைக்குப் போய் இப்பிடியோ?" என்றார். மனிதன் என்றால் பரவாயில்லையாம்! இன்னொருவர் வந்து, பிள்ளையாரின் அம்சம் அது, ஒரு சாந்தி செய்யவேண்டும் என்று தொடங்கினார். தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டு இருந்தேன். பிறகு, "எனக்குக் கொஞ்சம் வேலை கிடக்கு" என்று சொல்லி எழும்பிவிட்டேன். அம்மாவுக்குக் கோபம். ஆனால் மகன், அவர்கள் ஒருவரும் நின்றுகொண்டிருக்கும் ரயிலையன்றி வேறு ரயிலைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் இல்லை. நான் பார்த்தவன். அதனால் உனக்கு நான் கோல்ஃப் விளையாட்டைப் பற்றி எழுதப்போகிறேன். பயப்படாதே, எனக்கு மூளை கலங்கவில்லை.

சீனக்குடாவில் ரயில் பாதை வளைகிற ஓர் இடத்தில், வேலிக்கு அப்பால் கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், சண்டை முடிந்து அதிக நாளாகவில்லை. எங்கள் பாதை வேலைக் கூட்டம் அந்த வளைவில் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கிற சிலிப்பர் கட்டை மாற்றிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் ஆட்கள் பலர், இந்தக் கதைக்கு மூன்று பேர் போதும். ஒன்று நான். மற்றது கிண்ணியாவிலிருந்து சைக்கிளில் வருகிற உன்னுடைய ஜப்பார் நானா. பெருநாளுக்குப் பெருநாள் நமக்கு வட்டிலப்பம் கொண்டுவருகிற அதே மனிதர்தான். மூன்றாவது, எங்கள் ஓவசியர் சுனில் மாத்தயா, கந்தளாய்ச் சிங்களவர். நன்றாகத் தமிழ் கதைப்பார், ஆனால் அந்தத் தமிழுக்கும் அவர்தான் ஓவசியர்.

வேலை தொடங்கிய முதல் நாள் சல்லிக்கல்லுக்குள் ஒரு வெள்ளை உருண்டை கிடந்தது. ஜப்பார் நானா அதை எடுத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "தம்பி, ஆமை முட்டை" என்றார். குடாவிலிருந்து ஆமை ஏறி வந்து தண்டவாளத்தில் முட்டை போட்டிருக்கிறதாம். "நானா, ஆமைக்கு ரயில் கோச்சியில ஏற என்ன அவசரம்?" என்று நாங்கள் சிரித்தோம். மனிதர் கேட்கவில்லை. வெயிலில் கிடந்தால் குஞ்சு செத்துவிடும் என்று, சாப்பாட்டு நேரத்தில் கரைக்கு நடந்து போய் ஈர மணலில் தோண்டிப் புதைத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் ஆமை நிறைய முட்டை போட்டிருந்தது. அப்போதும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒன்றை நான் கல்லில் போட்டுக் காட்டினேன், அது துள்ளி அவருடைய நெற்றி உயரத்துக்கு எழும்பியது. "அல்லாஹ்வே" என்று பின்னால் போய் மண்வெட்டியில் குந்திவிட்டார். பல நாள் அந்தச் சிரிப்பு எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். முட்டை என்று நினைத்தபோது அதைச் சாப்பிட நினைக்காமல் புதைக்க நினைத்தவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான்.

அந்த வாரந்தான் அது நடந்தது. எல்லோரும் குனிந்து வேலை செய்கிறோம். வேலிக்கு அப்பாலிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்: "போர்!" மகன், நாங்கள் வாயால் அந்தச் சொல்லைச் சொல்கிற ஆட்கள் இல்லை. எங்களுக்கு அது 'சண்டை', இல்லாவிட்டால் 'பிரச்சினை'. போர் என்பது செய்தி வாசிக்கிறவர்களின் சொல். ஆனால் காது அந்தக் கணத்தில் இலக்கணம் பார்க்குமா? ஜப்பார் நானா, "திரும்பத் தொடங்கிட்டான்டா! படுங்கடா!" என்று அலறினார். அவ்வளவுதான். முழுக் கூட்டமும் தண்டவாளத்துக்கு நடுவில் குப்புறப் படுத்துவிட்டது. படுத்துப் பழகிய உடம்புகள், ஒருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சுனில் மாத்தயாவுக்கு அந்தச் சொல் விளங்கவே இல்லை, ஆனாலும் நாங்கள் படுத்ததைப் பார்த்துவிட்டு அவரும் படுத்துவிட்டார். எங்களுடைய தேத்தண்ணிக் கேத்தலில் 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. காகம் கத்துகிறது.

கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சப்பாத்துமாக ஒரு மனிதர் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். ஒரு பந்தை அடித்து ஒரு கூட்டத்தையே கொன்றுவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல, முகத்தில் இரத்தமே இல்லை. சுனில் மாத்தயாதான் முதலில் தலையைத் தூக்கினார், அவரோடு சிங்களத்தில் ஏதோ கதைத்தார், பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "எழும்புங்க, எழும்புங்க, பந்து போயிட்டு!" என்றார். போய்விட்டது என்பது அவருடைய தமிழில் அப்படி. ஒவ்வொருவராக எழும்பி மண்ணைத் தட்டினோம். முதலில் வெட்கம், பிறகு சிரிப்பு, அதற்குப் பிறகு ஜப்பார் நானாவுக்கு மட்டும் கண்ணீர், அது சிரித்ததால் வந்ததா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. தொப்பிக்காரர் சொன்னதை மாத்தயா தமிழ்ப்படுத்தினார். அது போர் இல்லையாம், 'ஃபோர்' என்று ஒரு சொல்லாம். அடித்த பந்து பிழையான பக்கம் போனால், யாருடைய தலையிலாவது விழும் என்று கண்டால், அப்படிக் கத்துவார்களாம். "அடிக்கிற பொல்லை விட்டு பந்து போனா, பிறகு பிடிக்க ஏலாது. கத்த மட்டும்தான் ஏலும்" என்றார் மாத்தயா. அன்றைக்கு அதை நான் விளையாட்டின் விதி என்றுதான் நினைத்தேன்.

நசுங்கிய கேத்தலுக்கு ஈடாகத் தொப்பிக்காரர் தன்னுடைய பழைய பொல்லு ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாங்களும் கோல்ஃப்காரர்கள். சாமான் கொட்டிலுக்குப் பின்னால் வெறும் பால்மாத் தகரப் பேணிகளை மண்ணில் புதைத்துக் குழி செய்தோம். சாப்பிட்ட பிறகு ஆளுக்கொரு அடி. ஜப்பார் நானாவுக்குச் சுத்தியல் பிடித்த கை, அவர் ஓங்கி அடித்தால் பந்து முன்னுக்குப் போகாது, நேரே மண்ணுக்குள் இறங்கிவிடும். பிறகு தோண்டி எடுக்கவேண்டும். "நானா, ஆணி அடிக்கிறீங்களோ?" என்றால், "இறுக்கமா இருக்கட்டும் தம்பி, கோச்சி போற பாதை" என்பார். பந்தை ஆடு தூக்கிக்கொண்டு போனால் ஆட்டுக்குத்தான் வெற்றி. தோற்றவன் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றவேண்டும். நசுங்கிய அதே கேத்தலில்தான், அதை மாற்ற நாங்கள் விடவில்லை.

இனி வருகிறது எங்கள் கூட்டத்தைத் தவிர உலகத்தில் வேறு ஒருவரும் செய்திருக்க முடியாத பிழை. அந்தப் பெரிய மைதானத்தில் ஒவ்வொரு குழிக்கும் ஒரு கொடி நட்டிருப்பார்கள். ஜப்பார் நானாவுக்கு அது மனதில் நின்றுவிட்டது. கொடி இல்லாமல் என்ன விளையாட்டு என்றார். எங்களிடம் இருந்தது எந்தக் கொடி? சிவப்புக் கொடி! ரயிலை நிறுத்துகிற கொடி! அதைக் கொண்டுபோய்க் கடைசிப் பேணிக்குள் நட்டுவிட்டார், லைனுக்குப் பக்கத்திலேயே. நாங்களும் கைதட்டினோம், ஒருவருக்காவது புத்தி வேலை செய்யவில்லை. ஆட்டம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து வளைவில் சாமான் ரயில் வந்தது. டிரைவர் கொடியைக் கண்டார். பிறகு கேட்ட சத்தம் இருக்கிறதே, இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம், அதை நீயும் கேட்டிருக்கிறாய், நான் சொல்லத் தேவையில்லை. ரயில் கொடியைத் தாண்டியது, எங்களைத் தாண்டியது, கொட்டிலைத் தாண்டியது, தாண்டித் தாண்டி, எங்களுக்கு இஞ்சினே தெரியாத தூரத்தில் போய்த்தான் நின்றது.

நாங்கள் ஓடினோம். டிரைவர் இறங்கி, இஞ்சின் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜப்பார் நானா பொல்லோடு முன்னுக்குப் போய், "ஐயா, அது குழிக் கொடி. நான்தான் நட்டனான்" என்றார். அந்த மனிதர் எங்களை ஏசவில்லை மகன். ஏசியிருந்தால் மறந்திருப்போம். "கொடியக் கண்ட உடன ஆரையோ அடிக்கப் போறன் எண்டுதான் நினைச்சனான். பிடிச்ச இடம் அங்க, நிண்ட இடத்தப் பாருங்கோ. நிக்கிற இடம் எங்கட கையில இல்ல" என்றார். அவருடைய கை படியில் நடுங்கிக்கொண்டே இருந்தது. ஜப்பார் நானா என்ன நினைத்தாரோ தெரியாது, அந்தக் கைக்குள் கோல்ஃப் பொல்லைக் கொடுத்து, ஒரு பந்தைச் சல்லிக்கல்லில் வைத்து, "ஒரு அடி அடியுங்க ஐயா, கை நிக்கும்" என்றார். டிரைவர் அவரைப் பார்த்தார், பந்தைப் பார்த்தார், பிறகு பலத்தையெல்லாம் சேர்த்து ஓர் அடி அடித்தார். பந்து குடாவுக்குள்ளேயே போய் விழுந்தது. நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "போர்!" என்று கத்தினோம். அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஏறி ரயிலை எடுத்துக்கொண்டு போனார். இதை ஒருவரிடமும் அவர் சொல்லவுமில்லை.

அதன் பிறகு அந்தச் சொல் எங்களுடைய வேலைச் சொல்லாகிவிட்டது. கையிலிருந்து எது நழுவினாலும், "கவனம்" என்று கத்துகிற பழக்கம் போய், "போர்" என்று கத்துவோம். ஒரு மழை நாள் தண்டவாளம் ஒன்றை இடுக்கி போட்டுப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம். என் இடது காலில் இரண்டு விரல் போனது அன்றைக்குத்தான். வேலையில் தண்டவாளம் விழுந்தது என்று மட்டும் உனக்குத் தெரியும். யாருடைய இடுக்கி நழுவியது என்று நான் உனக்குச் சொன்னதில்லை. ஜப்பார் நானாவுடையது. நம்முடைய வீட்டுக்கு வந்துபோகிற மனிதர், நீ அவரை வேறுமாதிரிப் பார்க்கக்கூடாது என்று நினைத்தேன். நேற்று போனில் அவரிடம் கேட்டேன், மகனுக்குச் சொல்லட்டுமா என்று. "சொல்லுங்க தம்பி. அந்தப் புள்ளைக்கு உதவுமெண்டா பேப்பர்லயும் போடுங்க" என்றார்.

இடுக்கி நழுவியபோது அவர் "போர்!" என்று கத்தினார். நான் துள்ளினேன். துள்ளியதால் போனது விரல், துள்ளாவிட்டால் போயிருப்பது கால். ஆனால் ஜப்பார் நானாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஏறவில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடக்க, அவர் கிண்ணியாவில் படுத்துவிட்டார். வேலைக்கு வரவில்லை. சாப்பாடு இல்லை. யாரோடும் கதையில்லை. ஓவசியர் போய்க் கூப்பிட்டார், பள்ளிவாசல் ஆட்கள் போய்ப் பேசினார்கள், மனிதர் சுவரைப் பார்த்துப் படுத்தபடி. உனக்கு இது எங்கேயோ பார்த்தமாதிரி இருக்கிறதா? காலில் கட்டோடு வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில், அம்மா கத்தக் கத்த, நான் கோல்ஃப் பொல்லை ஊன்றிக்கொண்டு கிண்ணியா பஸ் ஏறினேன். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். அவர் திரும்பவில்லை. "உங்கட முகத்தப் பாக்க என்னால ஏலாது தம்பி" என்றார். என்ன சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. வாயில் வந்தது இதுதான்: "எழும்புங்க நானா, பந்து போயிட்டு." பிறகு அவருடைய முதுகு குலுங்கியது. திரும்பி, என் கட்டுப் போட்ட காலைத் தொட்டுத் தொட்டு அழுதார். நானும் அழுதேன். அவருடைய மனைவி பழஞ்சோறும் தயிரும் கொண்டுவந்தாள், இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஒரு உயிரைப் பந்தோடு சேர்த்துக் கதைக்கிறேன் என்று கோபிக்காதே. அந்தத் தாய் யானையை நானும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். குட்டியைத் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடி, உன் அம்மாவும் அப்படித்தான் திரும்பியிருப்பாள். நீ அழாமல் இருந்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். ஆனால் மகன், நீ செய்யக்கூடியது எதையும் செய்யாமல் விடவில்லை. கத்தினாய். உன் ஹோன் சத்தத்தைக் கேட்டுத்தான் குட்டி இறங்கி ஓடியது. இன்றைக்கும் அது அந்தக் காட்டுக்குள் எங்கேயோ தன் கூட்டத்தோடு நிற்கும். நின்ற இடம் உன் கையில் இருக்கவில்லை. அன்றைக்கு அந்த டிரைவர் சொன்னதை நான் இத்தனை காலமும் காதில் வைத்திருந்தது உனக்குச் சொல்லத்தான் போலிருக்கிறது.

நீ திரும்ப இஞ்சினில் ஏறவேண்டும் என்று எனக்கு ஆசை. அதை மறைக்கமாட்டேன், மறைத்தாலும் நீ கண்டுபிடித்துவிடுவாய். யானைக்காக அழுகிற ஒருவன் அந்தக் காட்டுப் பாதையில் ரயில் ஓட்டுவது நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் ஏற ஏலாது என்றால் ஏறாதே, நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம், சொல்ல வருகிறவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த முடிவு எடுத்தாலும் நின்றுகொண்டு எடு, படுத்துக்கொண்டு எடுக்காதே. நாளைக் காலை ஜப்பார் நானா தோப்பூர்த் தயிரோடு வருகிறார். பொல்லையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன், அவரிடந்தான் இத்தனை காலமும் இருந்தது.

ஜப்பார் நானாவின் கதவை நான் போய்த் தட்ட முடிந்தது, ஏனென்றால் அவருடைய கையால் அடிபட்டவன் நான், அடிபட்டவன் உயிரோடு இருந்தேன். அந்த யானை வந்து உன்னுடைய கதவைத் தட்ட ஏலாது. அதற்குப் பதிலாக, ஒருதரம் அடிபட்ட நான் வந்து நிற்கிறேன். இதைக் கதவுக்குக் கீழால் தள்ளிவிட்டு, விரல் இல்லாத இந்தக் காலோடு வெளியில் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

எழும்பு மகன். பந்து போயிட்டு.

அப்பா